வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

எட்டாம் வகுப்பு அறையில் வௌவால் எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் பஞ்சம்மாள். தேங்காய்ச் சிரட்டையின் விளிம்பை வைத்து அழுத்திச் சுரண்டினால்தான் அது சிமெண்டுத் தரையை விட்டு வரும். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்க ஒரு அம்மா இருந்தார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த வேலைக்கு யாரையும் போடவில்லை. அதனால் கூட்டம் நடக்கிற நாளில் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியே அறையைக் கூட்டவும் வேண்டும், கழுவவும் வேண்டும், பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு தலைவியாக உட்காரவும் வேண்டும். பஞ்சம்மாளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. வீட்டில் மலைக்குப் போட்டுப் போகிற சட்டைகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கின்றன என்பதுதான் குறை. ஞாயிற்றுக்கிழமை விட்டால் துவைக்க நாள் கிடையாது.

தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கிடக்கிற ஆனைக்கல்பட்டியில், பெண்களில் பாதிப் பேர் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன் ஜீப் வரும். உள்ளே அடைந்துகொண்டு, கேரளத்துப் பக்கம் மலையேறி, காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரம் இறங்கி வருவார்கள். பஞ்சம்மாள் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்த ஜீப்பில் போகிறாள். புருசனின் பழைய முழுக்கைச் சட்டை, காலில் அட்டை ஏறாமலிருக்கப் புகையிலைத் தண்ணீர், தூக்குவாளியில் சோறு. மூத்தவள் பவானிக்கு ஒன்பதாம் வகுப்பில் படிப்பு நின்றது. எட்டு வரைக்கும்தான் உள்ளூரில் உண்டு. அதற்கு மேல் தேவாரம் போக வேண்டும். பஸ் ஒழுங்காக வராமல், வந்தாலும் நிற்காமல், அரைப் பரீட்சைக்கு முன்னாலேயே பவானி நின்றுவிட்டாள். இப்போது அவளும் அம்மாவுக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்து போகிறாள். இளையவள் திரிஷா ஆறாம் வகுப்பை முடித்திருந்தாள். அவளை அந்த ஜீப்பில் ஏற்றக்கூடாது. பஞ்சம்மாளுக்கு வாழ்க்கையில் வைராக்கியம் என்று ஒன்று இருந்தால் அது இவ்வளவுதான்.

அவள் தலைவியான கதையை ஊரில் சிரிக்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் நடக்கும். அந்த நேரத்தில் தாய்மார்கள் எல்லாரும் மலையில் இருப்பார்கள். ஒருநாள் தோட்டத்தில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கியதால் பஞ்சம்மாள் வீட்டில் இருந்தாள். மகளுக்கு உதவித்தொகைக்காக ஒரு கையெழுத்து வாங்கலாம் என்று நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அங்கே தலைமையாசிரியர் வைகுண்டராஜ் தலைவியைத் தேர்ந்தெடுக்க ஆளில்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போடிக்காரர், பாத்திரக் கடைக் குடும்பம், நல்ல மனிதர். இவளை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார். கால் வலிக்கு உட்கார்ந்தாள். தலைவியாக எழுந்தாள்.

விளையாட்டாக வந்த பதவியை அவள் விளையாட்டாக வைத்துக்கொள்ளவில்லை. முதல் காரியமாகக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றச் சொல்லிச் சாரைப் பிடித்துக்கொண்டாள். விடுமுறை நாளில் வர அவருக்கு மனமில்லை என்றாலும் வந்தார். கூட்டத்துக்கு மைக் கட்டி அறிவிப்பதை நிறுத்தினாள். ஜீப்பில் சொன்னால் போதும், மலையேறி இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். டீயை முதலில் கொடுத்தால் ஆம்பளைகள் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள் என்று கண்டு, டீயைக் கடைசிக்குத் தள்ளினாள். ஒரு கூட்டத்துக்கு ஒரு விசயம்தான். கக்கூசுக்குத் தண்ணீர் என்றால் அன்றைக்குத் தண்ணீர் மட்டும். சத்துணவு முட்டையைப் பற்றி எவன் வாயைத் திறந்தாலும் அடுத்த மாதம் என்று சொல்லிவிடுவாள்.

அந்தத் தண்ணீர்க் கூட்டம் ஊரில் பேர் வாங்கியது. பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்திருந்தார். ஆண்கள் முன்னால் பெஞ்சுகளில் மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போலப் பின்னால், கதவோரமாகத் தரையில். வந்தவர் நிதி இல்லை, பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: பிள்ளைகள் தோட்டத்துப் பக்கம் ஒதுங்கலாம் என்று போனால், ஒதுங்குகிற இடத்தில் நம் வீட்டு ஆம்பளைகள் உட்கார்ந்து சீட்டாடுகிறார்களே, அவர்களையாவது எழுப்பி விடுவீர்களா என்று. கூரை கிழிய ஒரு சிரிப்பு. முன்னால் இருந்த ஆண்களும் தோள் குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குரல், பஞ்சம்மாளோடு ஜீப்பில் போகிற சந்தனம்மாளுடையது என்பது பெஞ்சில் இருந்த அவள் மாமனாருக்கும் தெரியும். திரும்பிப் பார்த்தால்தானே தெரிந்ததாக ஆகும். அந்த மாதமே குழாய் வந்தது.

பஞ்சம்மாளுக்கு மட்டும் அது உறுத்தியது. நாம் நடத்துகிற கூட்டத்தில் நம் பெண்களே தரையில் உட்கார்ந்துகொண்டு ஒளிந்து கத்த வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள்.

தேனியில் தலைவிகளுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகிறது என்று போனாள். கல்யாண மண்டபத்து மாடியில் ஒரு பெண், பவானியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், சுவரில் பெரிய தாள்களை ஒட்டி வைத்துக்கொண்டு பேசினாள். கூட்டத்தில் மேலே கீழே என்று இருக்கக்கூடாது, எல்லாரையும் வட்டமாக உட்கார வையுங்கள், வட்டத்துக்கு முதலும் கிடையாது கடைசியும் கிடையாது என்றாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நடத்துகிறவர் தன் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள் என்றாள். பஞ்சம்மாளுக்கு அது ஒவ்வொன்றும் தன் மனசுக்குள்ளிருந்து எடுத்துப் பேசுவது போலவே இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வட்டத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்து வந்தது இந்தக் கூட்டம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைத் தேவாரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கக் கல்வி அலுவலர் வருகிறார். சேர்த்துவிட்டால் ஆனைக்கல்பட்டியில் ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரு வாரம் முழுக்க ஜீப்பில் இதே பேச்சு. சந்தனம்மாள் ஒருநாள் அலுவலராக நடிப்பாள், மறுநாள் சந்தனம்மாளாகவே பேசுவாள். காலைப் பஸ் ஏழு மணிக்கு, அடுத்தது பத்தரைக்கு, எதில் போனால் சரியாக மணி அடிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம், நீங்களே சொல்லுங்கள் என்பாள். டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டிக் கேட்பார். மலையில் பழகிய மலையாளத்தில் பஞ்சம்மாள் கடைசியில், போதும் என்பதற்கு, “மதி, மதி. மிச்சத்தை அங்கன வச்சுப் பேசு” என்று அடக்குவாள். எல்லாருக்கும் நம்பிக்கை இருந்தது. இந்த ஊரில் நம்பிக்கை அவ்வளவு தூரம் வந்ததே அதிசயம்.

அறையைக் கழுவி முடித்துப் பந்தல்காரரிடம் இரவலாக வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சுவரையொட்டி வட்டமாகப் போட்டாள். புருசன் சுருளிராஜன் டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். ஆண்கள் முதலில் வந்தார்கள். பெரிய மனிதர்களையும் அழைக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்ததால், கூட்டத்துக்கு இதுவரை வராதவர்களும் வந்தார்கள். சுருளிராஜனின் அண்ணன் மொக்கைச்சாமியும் வந்தார். ஊர்க் கமிட்டியில் இருப்பவர். வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எதிர்ச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூத்தாரான அவர் முன்னால் பஞ்சம்மாள் உட்கார்ந்தது கிடையாது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதும் கிடையாது. அவர் வீட்டுக்குள் வந்தால் இவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். இதில் பகையும் இல்லை, பயமும் இல்லை. முறை அது. அந்த ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

சந்தனம்மாள் பெண்களோடு வந்து வாசலில் நின்றாள்.

“என்னத்தா இது, கல்யாண ரிசப்சனா?”

“உள்ள வா.”

“எங்கன உக்கார?”

“எங்கன வேணும்னாலும் உக்காரு. இதுல முதலும் கெடையாது, கடைசியும் கெடையாது.”

சந்தனம்மாள் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருத்தியின் மாமனார். அவருக்கும் பக்கத்தில் மொக்கைச்சாமி. “அதாண்டி பயமா இருக்கு” என்று மெல்லச் சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துத் தோளில் சுற்றிக்கொண்டாள்.

அப்போதாவது பஞ்சம்மாளுக்குப் புரிந்திருக்கலாம். ஆனால் அதற்குள் அலுவலரின் கார் வந்துவிட்டது. நாற்பது வயதிருக்கும் பெண், அமைதியான முகம். உள்ளே நுழைந்ததும், “வட்டமா போட்டிருக்கீங்களே, ரொம்ப நல்லாருக்கும்மா. நான் போன எந்த ஊர்லயும் இப்படிப் பார்க்கல” என்றார். பஞ்சம்மாளுக்கு முகமெல்லாம் பூரித்துப் போயிற்று.

பெண்கள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். சிலர் உட்கார்ந்த வேகத்திலேயே நழுவி, தங்கள் நாற்காலிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கடைசி வரைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே மாமனார்களும் மூத்தார்களும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையையும் கரும்பலகையையும் பார்த்தார்கள்.

அலுவலர் விளக்கினார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. மூன்று வகுப்புக்கும் சேர்த்துப் பிள்ளைகள் ஒரு பெஞ்சு வரிசைக்குத்தான் வருவார்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒரே ஆசிரியர். அங்கே போனால் பாடத்துக்கு ஒருவர், கம்ப்யூட்டர் உண்டு, விளையாட்டு மைதானம் உண்டு. சொல்லி முடித்துவிட்டு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது போலவே, ஒவ்வொருவரையும் பெயர் கேட்டுக் கருத்துக் கேட்டார்.

பெயர் சொல்லிக் கேட்டதும் ஆண்கள் தணிந்துவிட்டார்கள். பெஞ்சில் கும்பலாக உட்கார்ந்து முனகுவது வேறு. ஒரு அதிகாரி முகத்தைப் பார்த்துத் தனியாக மறுப்பது வேறு. பிள்ளைகளுக்கு நல்லது நடந்தால் சரி என்றார் ஒருவர். ஆபீசர் பார்த்துச் செய்தால் சரி என்றார் அடுத்தவர். மொக்கைச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள், பொம்பளைப் பிள்ளைகள் காரியத்தைத் தாய்மார்தான் சொல்ல வேண்டும் என்றார். அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார்.

சந்தனம்மாள் முறை வந்தது. ஒரு வாரம் ஜீப்பைக் குலுக்கியவள். எழுந்தாள். மாமனார் கரும்பலகையில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரியவுக சொல்லிட்டாக. அதுதான்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவள் தலையை மட்டும் ஆட்டினாள். அலுவலர் பொறுமையாக, பயப்படாமல் சொல்லுங்கள், எதிர்ப்பு இருந்தாலும் சொல்லலாம் என்று சொல்லிப் பார்த்தார். வட்டம் ஒரு சுற்று வந்து பஞ்சம்மாளிடம் நின்றது.

அவள் எழுந்தாள். நேர் எதிரே மூத்தார். கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு, “பஸ்சு...” என்றாள். மறுபடி, “காலையில பஸ்சு...” என்றாள். அதற்கு மேல் வரவில்லை. சொல்ல வேண்டியது அத்தனையும் நெஞ்சில் வரிசையாக நின்றது, வாயைத் தாண்டவில்லை.

மொக்கைச்சாமி அதைப் பார்த்தார். தான் இருப்பதால்தான் இவளுக்குப் பேச்சு வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே நடந்தார். அவர் எழுந்ததும் சந்தனம்மாளின் மாமனார் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு அத்தனை ஆண்களும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வட்டத்தில் பாதி காலி.

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஊரில் இன்னொரு கூட்டம் காத்திருந்தது. ஊர்ப் பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள் என்றால் கூட்டம் முடிந்தது என்றுதான் அவரும் எடுத்துக்கொண்டார். தலைவி இன்னும் பேசவில்லை என்று வைகுண்டராஜ் சார் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அவர் குரல் நாற்காலிச் சத்தத்தில் எடுபடவில்லை. அலுவலர் கும்பிட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

வெளியே ஆண்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டதைப் பார்த்த பிறகு பெண்களுக்கு வாய் திறந்தது. காரைச் சுற்றிக்கொண்டார்கள். ஏழு மணிப் பஸ்ஸுக்குப் பிள்ளையைக் கிளப்பிவிட வீட்டில் யார் இருக்கிறார்கள், நாங்கள் அஞ்சு மணிக்கே ஜீப்பில் ஏறிவிடுகிறோம் என்றாள் ஒருத்தி. சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே சாராயக் கடை என்றாள் இன்னொருத்தி. சந்தனம்மாள் ஜீப்பில் பேசியதைவிட நன்றாகப் பேசினாள். வயசுக்கு வந்த பிள்ளை மாதத்தில் மூன்று நாள் அந்தப் பஸ்ஸில் எப்படித் தொங்கிக்கொண்டு போவாள் என்று கேட்டாள்.

அலுவலர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. “இவ்வளவு இருக்கா? இதையெல்லாம் உள்ள சொல்லியிருக்கலாமேம்மா. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா கேட்டேனே. கூட்டத்துல என்ன பேசினீங்களோ அதைத்தான் நான் மேல சொல்ல முடியும்.”

கார் போனது. கடைசியில் கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்த டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மறுநாள் ஜீப்பில், மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கிய பிறகு சந்தனம்மாள் சொன்னாள்: “எங்களைக் கீழேயே நீ விட்டிருந்தா கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். நீ சேரைப் போட்டு உக்கார வச்சு வாயை அடைச்சுட்ட.” அதில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு வழக்கம்போலப் பஞ்சம்மாளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பஞ்சம்மாள் தூங்கவில்லை. பின்னால் உட்கார்ந்தது அவமானம் என்று நினைத்தோமே, அது நிழலாக அல்லவா இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் பவானி செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டு வந்தாள்.

பஞ்சம்மாள் சும்மா இருந்துவிடவில்லை. மே மாதத்தில் மறுபடி ஒரு கூட்டம் கூட்டினாள். பெஞ்சு முன்னால், தரை பின்னால், எல்லாம் பழையபடி. பாதிப் பேர் வரவில்லை. அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை, முடிவான விசயத்துக்கு எதற்குக் கூட்டம் என்று போனில் கேட்டார்களாம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அலுவலகத்துக்கே போனாள். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஊரில் எதிர்ப்பு இல்லை என்றுதானே அறிக்கை போயிருக்கிறது என்றார்கள். வைகுண்டராஜ் சாருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகும்போது இவள் வீட்டுக்கு வந்து, நீங்கள் கூட்டம் நடத்தியது போல நான் இருந்த எந்தப் பள்ளியிலும் யாரும் நடத்தியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாராட்டை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜூனில் பையன்கள் சைக்கிளில் போனார்கள். பெண் பிள்ளைகளில் வசதி இருந்த ஒன்றிரண்டு பேர் கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கப் போனார்கள். திரிஷா பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். காலையில் அம்மாவும் அக்காவும் அப்பாவும் வேலைக்குப் போன பிறகு தானே தலைசீவி, தானே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒருநாள் சாயங்காலப் பஸ் வரவில்லை. இன்னொரு பெண்ணோடு திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்து, விளக்கு வைத்த பிறகு வீடு வந்து சேர்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததற்கே சுருளிராஜன் நடுங்கிப் போனார். ஒரு வருசம் போகட்டும், பஸ் வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். பவானி நின்றபோதும் அவர் இதையேதான் சொன்னார்.

பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வரப் பஞ்சம்மாளுக்கு நேரம் ஏது. விடியற்காலை ஜீப்பைவிட்டு அவளால் இறங்க முடியாது.

ஆடி பிறந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மொக்கைச்சாமி தம்பி வீட்டுக்கு வந்தார். பஞ்சம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள். திரிஷா வீட்டு நடுவில் உட்கார்ந்து வெள்ளைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, திராட்சைக் கொடியில் விழுந்த நோயைப் பற்றிப் பேசினார். பிறகு தம்பியைப் பார்த்துக்கொண்டே, அடுப்படிக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

“அன்னைக்கு நான் எந்திரிச்சது அது பேசட்டும்னுதான், சுருளி. நல்லாப் பேசும்னு எல்லாரும் சொன்னாக. நான் இருந்தா அதுக்கு வராதுல்ல. எம் பின்னாடியே அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு வருவாகன்னு நான் கண்டனா?”

அடுப்படியில் பஞ்சம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன ஆகிறது.

“பிள்ளைய என்னதான் செய்யப் போறீக?” என்று கேட்டார் அவர்.

திரிஷா பூண்டை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அங்கேயிருந்து ஒரு வார்த்தை வரும் என்று மொக்கைச்சாமியும் எதிர்பார்த்தார் போலிருக்கிறது. முறையை ஒரு தடவை மீறினாலும் அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். உலையில் அரிசி கொதிக்கிற சத்தம்தான் வந்தது.

அவர் எழுந்து, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, வெளியே போனார்.